கோப்பைச் சேமிக்கவா?

பாசமும் பிழை திருத்தும் பேனாவும் ஓயாத சித்தப்பாவுக்கு,

நான் நலம். நீங்களும் உங்கள் இடுப்பு வலியும் நலமா? உங்கள் அச்சகத்தில் வேலை நேரத்தில் போன் பேச விடமாட்டார்கள் என்பதால் எழுதி, பக்கம் முடிய முடியப் படம் எடுத்து அனுப்புகிறேன்.

நாளைக் காலை சித்திக்கு நேர்முகத் தேர்வு. பதினோரு வருடமாக அந்த அலுவலகத்தில் அவர் செய்யும் கப் கழுவும் ஒப்பந்த வேலை நிரந்தரமாக இது ஒன்றுதான் வாய்ப்பு. மூன்று மாதத்தில் வேலைக்கு வந்த எழுபத்தெட்டு நாளுக்கும், நாளுக்கு ஒன்றாக, டூட்டி சீட்டைப் போனில் காட்ட வேண்டும். சீட்டுத் தரும் ஆப் எங்கள் கம்பெனி செய்தது. சீட்டைப் போனில் சேமிக்கும் பகுதி நான் எழுதியது. அதன் தமிழ் நீங்கள் கொடுத்தது. மதியம் சித்தி வந்து போனை நீட்டினார். ஃபோல்டர் காலி. "கோப்பைச் சேமிக்கவா?" என்று ஆப் கேட்கும்போதெல்லாம் "வேண்டாம்" அழுத்தியிருக்கிறார்.

"ஏன் சித்தி?"

"கழுவி அடுக்கிட்டுத்தான்டா போனையே எடுக்கிறேன். அது கோப்பையை எடுத்து வச்சுக்கவான்னு கேக்குது. ஆமான்னா திருடின்னு எழுதுறதுக்கா? கேட்டுல பையை உதறிப் பாக்குறது போதாம போன்லயும் சோதிக்கிறானுங்கன்னு நெனச்சேன்."

"எழுபத்தெட்டு நாளுமா?"

"ஒரு நாள் அந்தப் பூப்போட்ட கப்புக்காக ஆமான்னு போட்டுடலாமான்னு தோணுச்சு. போடலையே!"

கோப்பைக்குப் பின் 'ச்' வந்தால் ஃபைல், வராவிட்டால் கப் என்று நீங்கள் வாதாடுவீர்கள். ஈரக் கையோடு நிற்பவருக்கு எந்த 'ச்' தெரியும்? ஃபைல் என்றே போடலாம் என்றேனே, கேட்டீர்களா? ஆனால் தினமும் பை சோதிக்கப்படுகிறவர் ஒரு கேள்வியை எப்படிப் படிப்பார் என்று எனக்கும் தோன்றவில்லை. இன்னொன்று பாருங்கள், ஒரே நிரல்தான் இரண்டு வகை போனிலும் ஓடுகிறது, ஆனால் மேற்பார்வையாளரின் விலை உயர்ந்த போனில் எதுவும் கேட்காமலே சீட்டு ஃபோல்டருக்குப் போய்விடுகிறது, மலிவு போனில்தான் கேள்வி, அப்படி எழுதியது நான்தான், ஏன் எழுதினேன் என்று யோசித்து யோசித்து மண்டை காய்கிறது சித்தப்பா.

போன சீட்டு போனதுதான். பழைய ஆப்பை நீக்கிவிட்டுப் புதியதைப் போடச் சொல்லிச் சித்தியை அனுப்பிவிட்டேன், நீங்களும் கூட இருந்து செய்யுங்கள். நாளை நானும் வந்து, தப்பு என்னுடையது என்று அவர்கள் முகத்துக்கு நேரே சொல்லப் போகிறேன். என் வேலை போனால் போகட்டும்.

சித்திக்கு என் வணக்கமும் மன்னிப்பும். உங்களுக்கு வணக்கம் மட்டும்.

உங்கள் அண்ணன் மகன்

பின்குறிப்பு: மேலே உள்ள பக்கம் அனுப்பியாகிவிட்டது, ஐயோ. இப்போதுதான் நிரலைத் திறந்து பார்த்தேன். சீட்டை ஆப்பின் உள் அறையில் எழுதிவிட்டு, அதற்குப் பிறகுதான் கேள்வியே கேட்கிறேன். "வேண்டாம்" என்றால் வெளியே நகல் வராது, அவ்வளவுதான். எழுபத்தெட்டும் உள்ளே இருக்கின்றன! ஆப்பை நீக்கினால் அந்த அறையும் சேர்ந்து போய்விடும். சித்தி போனை எடுக்கவில்லை, நான் கிளம்பிவிட்டேன். அதற்குள் போன் "நீக்கவா?" என்று கேட்டால், சித்தி வழக்கம்போல "வேண்டாம்" என்றே அழுத்தட்டும்.