டீச்சர் மெஷினுக்கு மறுபடியும் கோளாறு

ஆட்டோவிலிருந்து அந்தக் கறுப்புத் தையல் மெஷின் ஐந்தாவது முறையாக இறங்குவதைப் பார்த்ததும் மெக்கானிக்குக் கண்ணைக் கட்டிக்கொண்டு வந்தது.

"டீச்சர், போன வாரம்தானே சரிபண்ணிக் கொடுத்தேன்?"

"ஆமா தம்பி. நேத்துதான் தைக்க உட்கார்ந்தேன். தையலே விழலை" என்றார் அந்த ஓய்வுபெற்ற டீச்சர், ஏதோ நல்ல சேதி சொல்வதுபோல. "மெதுவாப் பாருங்க. எனக்கு ஒண்ணும் அவசரமில்ல."

அவசரமில்லை என்று சொல்லும் வாடிக்கையாளரைப்போல எரிச்சல் மூட்டுகிறவர் உலகத்திலேயே கிடையாது.

மெஷினைத் தூக்கிவந்த ஆட்டோக்காரர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். "அண்ணே, இது மெஷினா, யானைக்குட்டியா? இன்னும் ரெண்டு தடவை தூக்கினா என்னையும் இங்கேதான் ரிப்பேருக்குப் போடணும்."

அறுபது வயசு மெஷின். முழுக்க இரும்பு. இந்த மாதிரி மெஷின்கள் லேசில் கெடாது. கெட்டாலும், மெக்கானிக் ஒருமுறை கைவைத்துவிட்டால் பத்து வருஷத்துக்குக் கடைப்பக்கம் எட்டிப் பார்க்காது. அதுதான் அவருடைய பெருமை. அவருடைய கஷ்டமும் அதுதான். ஊரிலிருந்த மெஷின்களையெல்லாம் அவ்வளவு நன்றாகப் பழுதுபார்த்துவிட்டதில், இப்போது கடைக்கு வர ஆளில்லை. தினமும் காலையில் கடையைத் திறந்ததும், "யாராவது ஒருத்தரை அனுப்பு சாமி" என்று கைகூப்புவார்.

சாமியும் அனுப்பினார். ஒருத்தரைத்தான். திரும்பத் திரும்ப.

முதல் தடவை ஊசியைப் பிடிக்கும் திருகு தளர்ந்திருந்தது. முடுக்கினார். அடுத்த வாரம் பெல்ட் தொளதொளத்தது. நறுக்கி மாட்டினார். மூன்றாம் தடவை அடிநூல் உருளை உட்காரும் பாபின் கேஸில் இருக்கும் கடுகளவு திருகையே காணோம். தன்னிடமிருந்த நல்ல பாபின் கேஸையே எடுத்துப் போட்டுக் கொடுத்தார். நான்காம் தடவை பொறுமை போய், மெஷினைக் கடைசித் திருகுவரை பிரித்து, மண்ணெண்ணெயில் குளிப்பாட்டி, எண்ணெய் விட்டுப் பூட்டி, பழைய போர்வை ஒன்றின் நாலு ஓரத்தையும் அடித்துப் பார்த்தார். தையல் முத்துக் கோத்தாற்போல் விழுந்தது. கடைசியில் ஊசியையும் புதிதாக மாற்றிக் கொடுத்தார்.

முதல் தடவைக்குப் பிறகு அவர் கூலி வாங்கவில்லை.

"இது வேற கோளாறு தம்பி, பழசு இல்ல. கூலி வாங்கித்தான் ஆகணும்" என்று டீச்சர் ஒவ்வொரு தடவையும் மல்லுக்கு நிற்பார்.

"நான் கைவெச்ச மெஷின் டீச்சர். திரும்பி வந்தா தப்பு என்னோடது."

டீச்சரின் முகம் வாடிவிடும். காசு மிச்சமானதற்கு இப்படி வருத்தப்படுகிற ஆளை அவர் கண்டதே இல்லை.

இந்த ஐந்தாம் தடவை அவர் குனிந்து பார்த்தார். ஊசி பின்பக்கமாகத் திரும்பியிருந்தது. ஊசியின் தட்டைப் பக்கத்தை எப்படி வைத்து மாட்டுவது என்பது தையல் பழகுகிறவர்களுக்கு முதல்நாள் பாடம்.

"டீச்சர், வீட்டுல யாராவது இதுல கைவைக்கிறாங்களா?"

டீச்சர் கூரையைப் பார்த்தார். "வீட்டுல நானும் ஒரு பூனையும்தான் தம்பி."

பூனை ஊசி மாட்டாது. டீச்சரோ பொய் சொல்லத் தெரியாதவர். அப்படியானால் திருப்பி மாட்டியது தானேதான்!

அன்று அவருக்குச் சோறு இறங்கவில்லை.

"ஏங்க, கண்ணு மங்கியிருக்கும். டாக்டர்கிட்ட போய்க் காட்டுங்க" என்றாள் மனைவி.

காட்டினார். டாக்டர் முதுகில் தட்டிக்கொடுத்தார். "அருமையான பார்வை. இன்னும் இருபது வருஷத்துக்குக் கவலையே இல்லை."

மெக்கானிக் வாடிய முகத்தோடு வீட்டுக்கு வந்து சொன்னார்.

"கண்ணு நல்லாத்தான் இருக்காம்."

"அப்ப மூளைதான்" என்றாள் மனைவி, உப்பு தீர்ந்துபோச்சு என்று சொல்வதுபோல. பிறகு அவர் முகத்தைப் பார்த்துக் குரலைத் தணித்தாள். "எங்கண்ணன் குடோன்ல ஆள் தேடறார். உட்கார்ந்து மூட்டை எண்ணற வேலைதான். மரியாதையா இருக்கலாம்."

முப்பது வருஷம் இரும்போடு பேசிய கை. அது மூட்டை எண்ணுவதா? ஆனால் தப்பாகப் பழுதுபார்த்து ஒரு நல்ல மனுஷியை அலையவிடுவது அதைவிடப் பெரிய பாவம் அல்லவா? இன்னொரு தடவை அந்த மெஷின் வந்தால் கடைக்குப் பூட்டு என்று சாமி முன்னால் முடிவு செய்தார்.

ஆறாம் வாரம் மெஷின் வந்தது. டீச்சர் வரவில்லை, ஆட்டோக்காரர் மட்டும் மூச்சுவாங்க இறக்கிவைத்தார். சக்கரம் சுற்றியது, ஊசி அசையவில்லை. சக்கரத்தின் நடுத்திருகு கழன்று தொங்கியது. அதை அவர் இரண்டு கையாலும் முடுக்கியது அவருக்கே நினைவிருந்தது. நினைவும் இனி நம்பக்கூடியது இல்லைபோலிருக்கிறது.

அதை மறுபடி முடுக்கினார். எண்ணெய் விட்டார். தன் துண்டாலேயே துடைத்தார். தான் பத்திரப்படுத்தியிருந்த நல்ல ஊசிகளை ஒரு தாளில் மடித்துக் கட்டினார்.

"தம்பி, இதை டீச்சர்கிட்ட கொடுத்து, என்னை மன்னிச்சிடச் சொல்லு. இனிமே நல்ல மெக்கானிக்கா யாரையாவது பாக்கச் சொல்லு. என் கை போச்சுப்பா. நாளையிலேர்ந்து கடை திறக்கப்போறதில்ல."

பாதி தூக்கிய மெஷினை ஆட்டோக்காரர் தொம்மென்று கீழே வைத்தார்.

"ஐயையோ, அப்படிப் பண்ணிடாதீங்க அண்ணே! நீங்க கடையில ஆளே இல்லாம உட்கார்ந்திருக்கறதைப் பாத்து மனசு கேக்காமத்தான் டீச்சரம்மா வாரா வாரம் ஒண்ணொண்ணாக் கழட்டி அனுப்பினாங்க, இதுல இனிக் கழட்ட ஒண்ணுமில்லைன்னு நேத்திலேர்ந்து பக்கத்து வீட்டு மெஷின்ல கைவெச்சிருக்காங்க!"