போர்டில் விடுபட்ட அக்காவுக்கு

மதிப்பிற்குரிய அக்காவுக்குத் தம்பி வணக்கத்துடன் எழுதுவது. இங்கே தையல் மிஷின் உட்பட எல்லாரும் சுகம். அங்கே நீ, அத்தான், பிள்ளைகள் சுகமென்று நம்புகிறேன்; நம்பத்தான் முடியும், நீ போனை எடுத்தால்தானே கேட்பதற்கு.

புதுத் தையல் கடையின் போர்டு மாதிரியை உனக்குப் போனில் அனுப்பியது என் தப்புதான். கடைப் பெயரை வெறும் நிறத்தில் எழுதாமல், அப்பா இருந்தபோது எடுத்த நம் குடும்பப் படமே எழுத்துகளுக்குள் தெரியும்படி செய்யலாம் என்று டிசைன் செய்பவர் சொன்னதும் மயங்கிவிட்டேன். முதல் எழுத்தில் அம்மா, இரண்டாவதில் அப்பா, மூன்றாவதில் மீசையோடு அத்தான், கடைசியில் நான். நீ மட்டும் அப்பாவின் எழுத்துக்கும் அத்தானின் எழுத்துக்கும் நடுவிலிருந்த சந்தில் விழுந்துவிட்டாய். “போர்டுல இடமில்லாதவளுக்குத் திறப்பு விழாவுல என்ன வேலை?” என்று கேட்டு வைத்தாயே, அன்றிலிருந்து எனக்கு ஊசியில் நூல் கோக்க வரவில்லை.

மறுநாளே போய், எங்கள் அக்காவை எதற்கு வெட்டினீர்கள் என்று டிசைன் செய்பவரிடம் சண்டைக்கு நின்றேன். அவர் அசரவில்லை. “யாரையும் வெட்டலைங்க. படம் முழுசா இருக்கு. எழுத்து வழியா பாக்குறோம், அவ்வளவுதான்,” என்று கம்ப்யூட்டரில் எதையோ தட்டினார். அக்கா, சத்தியமாகச் சொல்கிறேன், எனக்குப் புல்லரித்துவிட்டது. எழுத்தெல்லாம் மறைந்து, திரை முழுக்க நாம். நடுவில் நீ, ஒரு மயிரிழை குறையாமல். மறுபடி தட்டினார், எழுத்து வந்தது, நீ போனாய். இதற்குப் பெயர் மாஸ்க்காம். இருபது வருடமாகத் துணி வெட்டுகிறேன், கத்தரி பட்டால் பட்டதுதான். இந்த மனுஷர் கத்தரியே இல்லாமல் வெட்டுகிறார், துண்டும் விழவில்லை, வெட்டியது அப்படியே உள்ளே இருக்கிறது. இன்னொரு தடவை, இன்னொரு தடவை என்று பத்துத் தடவை தட்டச் சொல்லி, வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன்.

பிறகு மவுஸைப் பிடித்து இழுத்தார். எழுத்து நின்ற இடத்தில் நிற்க, உள்ளே படம் மட்டும் நகர்ந்தது. நீ வந்தால் அப்பா போனார், அப்பா வந்தால் அம்மாவுக்குக் காது மட்டும் மிஞ்சியது. நாலு எழுத்து, ஐந்து ஆள், என்ன செய்வது? கடைசியில் என்னை வெளியே தள்ளச் சொன்னேன். ஓனர் இல்லாத போர்டா என்று அவர் கேட்டார். “நான் கடைக்குள்ளதானே இருக்கப் போறேன். அக்காதான் வெளியூர்,” என்றேன். மூன்றாவது எழுத்தில் நீ முழுசாக வந்து உட்கார்ந்தாய். பார்த்ததும் அழுகை வந்துவிட்டது, மறைப்பானேன்.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குத் திறப்பு. நீ வராமல் ஷட்டரைத் தூக்கமாட்டேன். அத்தானுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு என் அன்பு, உன் கோபத்துக்குப் பெரிய கும்பிடு.

இப்படிக்கு,
எழுத்துக்கு வெளியே நிற்கும் தம்பி

பி.கு.: கவரை ஒட்டுவதற்குள் போர்டு வந்து மாட்டியும் ஆயிற்று. அச்சுக்கு அனுப்பும் அவசரத்தில் அந்த மனுஷர் மாஸ்க்கை எடுத்துவிட்டாராம். எட்டடி நீளத்துக்கு நாம் ஐந்து பேரும் பளிச்சென்று நிற்கிறோம், கண்ணை மூடிக்கொண்ட நான் உட்பட. கடைப் பெயர்தான் இல்லை. காலையிலிருந்து மூன்று பேர் பாஸ்போர்ட் படம் எடுக்க வந்துவிட்டார்கள். உடனே மாற்றித் தருகிறேன் என்று அவர் ஏணியோடு நிற்கிறார். எங்கள் அக்கா வந்து பார்க்கிறவரை அதில் யாரும் கை வைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டேன்.