பெட்டி சொன்ன கூலி

காலையில் கடை திறப்பதற்கு முன்பே காது ஐயாவின் வாசலில் வரிசை தெருமுனையைத் தொட்டுவிடும். கையில் மிக்ஸி, இடுப்பில் இஸ்திரிப் பெட்டி, தள்ளுவண்டியில் வாஷிங் மெஷின். கொண்டுவந்த சாமான்கள் எல்லாம் அடிபட்டுத் தேய்ந்தவை. தூக்கிவந்தவர்களின் மூளை மட்டும் புத்தம் புதிது. இன்னும் அட்டைப்பெட்டியைவிட்டு வெளியே எடுக்கவே இல்லை.

ஐயாவின் மகிமை இதுதான். பெட்டிமேல் காதை வைப்பார். பெட்டி பேசும். தன் நோயையும் சொல்லும். அதைத் தீர்க்க எவ்வளவு கூலி வாங்க வேண்டும் என்பதையும் சொல்லும். பெட்டி சொன்ன தொகையில் ஐயா காலணாகூடக் கூட்ட மாட்டார். அப்படி ஒரு நேர்மை! ஆனால் கூலி எவ்வளவு என்று முன்கூட்டியே கேட்டுவிடக் கூடாது. பெட்டிக்குக் கோபம் வந்துவிடும். கேட்ட வீட்டில் அடுத்து டிவி வெடிக்குமாம். எந்த வீட்டில் வெடித்தது என்று கேட்டால், பக்கத்துத் தெருவில் என்பார்கள். பக்கத்துத் தெருவில் கேட்டால், இந்தத் தெருவில் என்பார்கள்.

எதிரே ஒரு ரிப்பேர் கடை ஈ ஓட்டிக்கொண்டிருந்தது. எந்த வேலைக்கு எவ்வளவு கூலி என்று கடைக்காரி பெரிய எழுத்தில் பலகை மாட்டியிருந்தாள். அதுதான் அவள் செய்த தப்பு.

"சுவத்துல விலை எழுதிப் போட்டிருக்கா பாரு. இவளுக்கு என்ன ஞானம் இருக்கும்?" என்றது வரிசை.

அந்த வரிசையில் ஒரு தையல்காரியும் நின்றாள். அவள் கணவனுக்குச் சர்க்கரை நோய். அவனுடைய இன்சுலினை வைத்திருந்த ஃப்ரிட்ஜ் குளிர்வதை நிறுத்திவிட்டது. ஐயா பெரிய மனது பண்ணி வீட்டுக்கே வந்து காதை வைத்தார். "மூணு நாள் மௌன விரதம் இருக்கணும்னு சொல்லுது. ஸ்விட்சைத் தொடாதீங்க. கூலி பன்னிரண்டாயிரம்" என்றார்.

ஃப்ரிட்ஜ் விரதம் இருந்தது. உள்ளே இருந்த மருந்து வெக்கையில் கெட்டது. அதையே போட்டுக்கொண்ட கணவன் மயங்கி விழுந்து ஆஸ்பத்திரியில் கிடந்தான். தையல்காரியோ ஃப்ரிட்ஜைக் காப்பாற்றத் தையல் மெஷினை விற்க ஆள் தேடிக்கொண்டிருந்தாள்.

செய்தி கேட்டு நாத்தனார் ஓடிவந்தாள். அவள் பஸ் ஓட்டுகிறவள். குறுக்கே யார் வந்தாலும் ஹாரன் அடிக்கத் தயங்காதவள்.

"மெஷினை வித்துட்டு எதை வெச்சு சம்பாதிப்பீங்க அண்ணி?"

"சத்தமாப் பேசாதே. ஃப்ரிட்ஜுக்குக் கேட்டுடப்போகுது."

"நல்லா கேக்கட்டும். எங்க அண்ணன் ஆஸ்பத்திரியில கிடக்கறது அதுக்கும் தெரியணும்!"

நாத்தனார் தன் இஸ்திரிப் பெட்டியை எடுத்துவந்தாள். ஒரு கோளாறும் இல்லாத பெட்டி. காலையில் அதை அண்ணியிடம் கொடுத்து ஐயாவிடம் அனுப்பினாள். வாசலில் இருந்த ஐயாவின் மச்சான் எவர்சில்வர் டம்ளரில் தண்ணீர் கொடுத்தான். பெட்டி நானூறு சொன்னது. மாலையில் நாத்தனார் பட்டுப்புடவையும் இரவல் வளையல்களுமாக, அதே பெட்டியோடு டாக்ஸியில் போய் இறங்கினாள். மச்சான் கண்ணாடி டம்ளரை நீட்டினான். டம்ளரைப் பார்த்த ஐயா காதை வைத்தார். பெட்டி மூவாயிரம் சொன்னது.

"இதே பெட்டி காலையில எங்க அண்ணிகிட்ட நானூறுதானே சொல்லிச்சு ஐயா?" என்றாள், கூட்டம் முழுவதற்கும் கேட்கும்படி.

ஐயா அசரவில்லை. "காலையில வெறும் காய்ச்சல். இப்ப ஜன்னி."

"ஆகா!" என்றது கூட்டம்.

"சரி. உங்களுக்குக் காதுதானே வேணும்? கண்ணைக் கட்டிக்கிட்டு இப்பவே கேளுங்க. உங்க மச்சான் டம்ளரோட வெளியே நிக்கட்டும்."

"ஐயாவையே சோதிக்கிறியா?" என்று மச்சான் சீறினான். அவனை அடக்கியது பக்தர்கள்தான்.

"கட்டட்டும்ங்க! ஐயா யாருன்னு இன்னைக்குக் காட்டிடுவாரு!"

எதிரிகளிடமிருந்து தப்பித்துவிடலாம். இப்படிப்பட்ட பக்தர்களிடமிருந்து எங்கே தப்பிப்பது? ஒரு துண்டு ஐயாவின் கண்ணை மூடியது.

இஸ்திரிப் பெட்டியைக் காதருகே வைத்தார்கள். "எழுநூறு" என்றார். அதையே ஒரு சுற்றுச் சுற்றி மறுபடியும் வைத்தார்கள். "இது பெரிய வீட்டுப் பெட்டி. ரெண்டாயிரத்து நூறு." கூட்டத்தில் யாரோ கனைத்தார்கள். மூன்றாவதாக நாத்தனார் தன் பையிலிருந்து ஒன்றை எடுத்துத் துணியில் சுற்றி நீட்டினாள். ஐயா காதை வைத்தார். முகம் வாடிப்போனது.

"அடடா... உள்ளே காயில் கம்பி கருகிப்போச்சு. அழுவுது. ஆயிரத்து எண்ணூறு."

துணியைப் பிரித்தாள். அது அவளுடைய டிபன் பாக்ஸ். உள்ளே இரண்டு அவித்த முட்டை.

பிறகு இஸ்திரிப் பெட்டியை ஐயா கடை ப்ளக்கிலேயே செருகினாள். ஜன்னி கண்ட பெட்டி சமர்த்தாகச் சூடானது. யாரோ ஒருவர் சிரித்தார். அப்புறம் தெருவே சிரித்தது. சிரிக்காமல் முன்னால் வந்தவள் தையல்காரி ஒருத்திதான்.

"என் வீட்டுக்காரர் மருந்து கெட்டுப்போச்சே, அதை மட்டும் ஏன் ஃப்ரிட்ஜ் உங்க காதுல சொல்லல?"

கண்கட்டை அவிழ்த்த ஐயா வாசலைப் பார்த்தார். மச்சானைக் காணோம். போலீஸ் வரும்வரை கூட்டம் ஐயாவை மட்டும் நகரவிடவில்லை.

ஃப்ரிட்ஜை எதிர்க்கடைக்காரி பார்த்தாள். குளிரைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் போயிருந்தது. கூலி பலகையில் இருந்தபடியே ஐந்நூற்று ஐம்பது. புதிய பாகத்துக்குத் தனி ரசீது.

"இந்தக் கூலியை எப்படி முடிவு பண்ணீங்க?" என்று தையல்காரி கேட்டாள்.

"வேலை எவ்வளவு நேரம் பிடிக்கும்னு பார்த்தேன். அந்த நேரத்துக்கு என் உழைப்பு எவ்வளவு பெறும்னு கணக்குப் போட்டேன். அவ்வளவுதான்."

வேடிக்கை பார்க்க வந்தவர்களுக்கு இது பெரிய ஏமாற்றம். ஒரு மர்மமும் இல்லையே!

புது மருந்தோடு அண்ணன் வீடு திரும்பிய அன்று வாசலில் ஒரே இரைச்சல். நாத்தனார் எட்டிப் பார்த்தாள். வாஷிங் மெஷினைத் தூக்கிக்கொண்டு நாலைந்து பேர் பயபக்தியோடு நின்றார்கள்.

"அவன் ஃபிராடுன்னு கண்டுபிடிச்ச தாயே, உண்மையான சக்தி உங்ககிட்டதான் இருக்கு. கொஞ்சம் காதை வெச்சுக் கேட்டுச் சொல்லுங்க."

அவள் தலையில் அடித்துக்கொண்டாள். "என் காதை விடுங்கய்யா. உங்களுக்கு வாய் இருக்குல்ல? என்ன கோளாறு, கூலி எவ்வளவுன்னு கடையில போய்க் கேளுங்க! ரெண்டு காதுக்கும் நடுவுல ஒண்ணு வெச்சிருக்கீங்களே, அதையும் கொஞ்சம் ஓட்டிப் பாருங்க. அதுக்கு யாரும் கூலி கேக்க மாட்டாங்க!"