மைக் முன்னால் ஒரு மீன் குழம்பு

மைக்கைப் பிடித்த எவருக்கும் தன் குரல் தேனாகத்தான் கேட்கும். எனக்கு அன்றைக்குக் கொஞ்சம் அதிகமாகவே கேட்டுத் தொலைத்தது.

செய்யூர் பக்கம், கடலோரத்தில் எங்கள் ஊர். மகளிர் குழுவை நடத்திவந்த என் மாமியாருக்கு ஒன்றியக் கவுன்சிலராக வேண்டும் என்று ஆசை. கூட்டத்தைப் பார்த்துத்தான் சீட்டு என்று மாவட்டத் தலைவர் சொல்லிவிட்டார். அவர் வரும்வரை ஜனங்களைக் கலையாமல் உட்காரவைக்கும் பொறுப்பு, தனியார் பள்ளி டீச்சரான என் தலையில் விழுந்தது. (மருமகளுக்குச் சம்பளம் கிடையாது.)

ஒரு வாரமாகத் தலைவர்களின் பேச்சை ஃபோனில் ஓடவிட்டுக்கொண்டே தோசை வார்த்தேன். சூட்சுமம் பிடிபட்டது. யாரும் ‘நான்’ என்பதில்லை, ‘நாம்’தான். முதலில் ஜனங்களின் சுகத்தைக் கண்முன் காட்டுவார்கள். பிறகு கண்ணை மூடி ஓர் இடைவெளி. அப்புறம், “இந்தச் சுகத்தைப் பறித்தது யார்?” என்று ஒரு முழக்கம்.

கூட்டத்தன்று, கடற்கரை மேடையில் பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. தலைவரைக் காணோம். சவுக்குத் தோப்பிலிருந்து வந்த காற்றில் கொடிகள் மெல்ல அசைந்தன. கடல் ரோஜா நிறத்தில் கிடந்தது. எழுந்தேன்.

“நாம் வீட்டுக்குப் போகிறோம். கால் கழுவுகிறோம். அடுப்பில் மீன் குழம்பு கொதிக்கிறது. பாயில் சாய்ந்தால் அலைச் சத்தம் தாலாட்டுகிறது…”

கண்ணை மூடினேன். சும்மா சொல்லக்கூடாது, அப்படி ஒரு சுகம். அலையோடு அலையாக மிதந்தேன். எதற்கு நிற்கிறோம் என்பதே மறந்துபோனது. (தலைவர்கள் சட்டென்று கண்ணைத் திறந்துவிடுவார்கள். அதை நான் கவனிக்கவில்லை.)

நான் திறந்தபோது மணலில் நாற்காலிகள்தான் இருந்தன. ஜனங்களின் முதுகுகள் தோப்புக்குள் போய்க்கொண்டிருந்தன. பறித்தது யார் என்று மிச்சமிருந்த நாயிடம்தான் கேட்டேன்.

அந்த நேரம் பார்த்துத் தலைவரின் கார் வந்து நின்றது. காலி நாற்காலிகளைப் பார்த்தார், நடந்ததை விசாரித்தார். “இந்தம்மாவ எதிர்க்கட்சிக் கூட்டத்துல பேச வைங்க” என்று மாமியாரிடம் சொல்லிவிட்டுக் கார் ஏறினார். சீட்டு வேறொருவருக்கு என்பது அப்போதே முடிவாயிற்று.

அவமானம் தாங்காமல் மேடையிலேயே அழுதுவிட்டேன். மாமியார் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன்.

“உன்ன இன்னா சொல்றது கண்ணு. மேடையில குந்திகினு இருந்தேன், அதான் போவல. எனக்கே பசி எடுத்துட்ச்சி” என்றார்.

இப்போதும் வீட்டுக்கு வந்த உறவினர்கள் நேரமாகியும் கிளம்பாவிட்டால், அடுப்படியிலிருந்து மாமியாரின் குரல் வரும்: “கண்ணு, நீ கொஞ்சம் பேசேன்.”

வந்தவர்கள் சிரித்துக்கொண்டே செருப்பைத் தேடுவார்கள்.