விரத வீட்டில் கொரியக் கொலை

இனி இந்த வீட்டில் கொலை விழக்கூடாது என்று கமலநாதன் தீர்மானித்தார்.

தீர்மானம் எடுப்பதில் அவர் கெட்டிக்காரர். மலேசியாவில், மேரு என்ற ஊரில் ஒரு கிடங்கில் முப்பது வருஷம் லோரிகளுக்கு உத்தரவு போட்டு ஓய்வு பெற்றவர். லோரிகள் முன்னே பின்னே ஆனாலும் சொன்னபடி கேட்டன. கிள்ளானில் இருக்கும் அவருடைய சொந்த வீடு மட்டும் கேட்கவில்லை.

அவர் வேலையில் இருந்த காலத்தில் மனைவி அமுதவள்ளி சாயங்காலம் ஏழரை மணிக்குத் தேத்தண்ணியோடு காத்திருப்பாள். அவளுக்குச் சொல்ல ஆயிரம் இருந்தது, இவருக்குக் கேட்க நேரமில்லை. இப்போது நேரம் கொட்டிக் கிடக்கிறது. ஆனால் ஏழரைக்கு அவள் ஒரு கொரிய இன்ஸ்பெக்டரோடு சேர்ந்து டிவியில் பிணம் தேடிக்கொண்டிருக்கிறாள். மனுஷனுக்கு வலிக்காதா? வலித்தது. அதை வாய்விட்டுச் சொல்ல வெட்கம். அதனால் நாடகத்தைக் குறை சொன்னார்.

குறைக்கா பஞ்சம்? போலீஸ்காரன் நேற்று சேர்ந்த பையன், துப்பெல்லாம் அவனுக்குத்தான் கிடைக்கிறது. கொலைகாரனும் போலீஸும் எப்போது பார்த்தாலும் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறார்கள். உண்மையைச் சொல்ல வருகிறவனைச் சொல்லிவைத்தாற்போல ஒரு வெள்ளை லோரி அடித்துப்போடுகிறது. இதுதான் கமலநாதனுக்குத் தாங்கவில்லை. முப்பது வருஷ அனுபவத்தில் எந்த லோரியும் சொன்ன நேரத்துக்கு வந்து அவர் பார்த்ததில்லை.

அமுதவள்ளி சண்டைக்கு வரமாட்டாள்.

"குறை இருக்குதான்லா. ஆனா செத்த பொண்ணோட அம்மா அழறதுக்கு எவ்ளோ நேரம் விடறான் பாருங்க. அதுக்குத்தாங்க பாக்கறேன்."

இந்த விவாதமெல்லாம் அவர் முகத்துக்கு நேரே பேப்பரைப் பிடித்துக்கொண்டு செய்ததுதான். பன்னிரண்டு எபிசோட் ஓடி முடியும்வரை அந்தப் பேப்பரில் பக்கம் புரண்டதாகத் தெரியவில்லை.

தைப்பூசம் நெருங்கியது கைகொடுத்தது. வருஷா வருஷம் அமுதவள்ளி பத்துமலையில் பால்குடம் எடுப்பாள். அதற்கு நாற்பத்தெட்டு நாள் விரதம், வீடு முழுக்கச் சைவம். விரதம் தொடங்குவதற்கு முந்தைய சாயங்காலம், பன்னிரண்டாம் எபிசோட் முடிந்ததும் கமலநாதன் பேப்பரை மடித்தார். தொண்டையைச் சரி செய்துகொண்டார்.

"காலையில முருகன், சாயங்காலம் கொலை. இது என்னா விரதம் அமுதா? வாயி மட்டும் சைவமா இருந்தா போதுமா? கண்ணுக்கு வேணாமா?"

ஒரு மணி நேரம் எதிர்ப்பு வரும் என்று பதில்களையெல்லாம் தயாராக வைத்திருந்தார். அவள் கொஞ்சம் யோசித்தாள். அவ்வளவுதான்.

"சரிங்க, தைப்பூசம் முடியறவரைக்கும் நிறுத்திடுவோம். ஆனா விரதம்னா ரெண்டு பேருக்கும்தான்."

இவ்வளவு சுலபமாக ஜெயித்துவிட்டோமே என்று அவருக்கே ஒரு மாதிரி இருந்தது.

முதல் நாள் ஏழரைக்குத் தேத்தண்ணி வந்தது. அவளும் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். பந்திங்கில் இருக்கும் தங்கச்சியைப் பற்றிச் சொன்னாள், பாசாரில் வெண்டைக்காய் முற்றலாக வருவதைப் பற்றிச் சொன்னாள். ஏங்கிக் கிடந்த பேச்சு இதுதானே? கமலநாதன் "ம்" கொட்டினார். மனசு மட்டும் பன்னிரண்டாம் எபிசோட்டின் கடைசி நிமிஷத்தில் நின்றது. கொரியாவிலும் நம்மைப்போலச் செருப்பை வாசலில் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போகிறார்கள். அந்தச் சின்னப் போலீஸ்காரன் இன்ஸ்பெக்டர் வீட்டுச் செருப்பு அலமாரியைத் திறக்கிறான். உள்ளே செத்த பெண்ணின் ஒற்றைச் செருப்பு. அதை அங்கே வைத்தது யார்?

பத்து நாள் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார். சாமிக்கு மணி அடிக்கும்போதும் செருப்பு ஞாபகம். பாவம் என்று பயந்து கன்னத்தில் போட்டுக்கொண்டார். பதினோராம் நாள் அடுத்த வீட்டு ஷாமினியை வேலியோரம் பிடித்தார். அமுதவள்ளிக்கு இந்த நாடகத்தைக் காட்டிக் கொடுத்தவளே அவள்தான்.

"ஷாமினி, அந்தச் செருப்பு…"

"எந்தச் செருப்பு அங்கிள்?"

மானம் குறுக்கே வந்தது. கோயிலில் தன் செருப்பு காணாமல் போனதாகச் சொல்லிவிட்டார். அன்று சாயங்காலமே அவள் தன் வீட்டுக்காரரின் பழைய ஜோடியைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனாள்.

பதினேழாம் நாள் வெள்ளிக்கிழமை. கோயிலில் பூக்கட்ட ஆள் வேண்டும் என்று அமுதவள்ளி நாலு மணிக்கே ஷாமினியோடு கிளம்பினாள். கமலநாதனுக்குச் சரியாக அப்போது பார்த்து முட்டி வலித்தது. கார் முக்குத் திரும்பியதும் வலி நின்றது.

பதின்மூன்றாம் எபிசோட்டில் வெள்ளை லோரி வந்தது. நேரத்துக்கு வந்ததைப் பற்றி அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை, நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார். பதினாலில் செத்த பெண்ணின் அம்மா மகளுடைய பள்ளிச் சீருடையை எடுத்து மடித்தாள். பிரித்தாள். மறுபடி மடித்தாள். வேறொன்றும் நடக்கவில்லை. கமலநாதன் தேம்பித் தேம்பி அழுதார். அமுதா சொன்னது நிஜம்தான் என்று தனியாக உட்கார்ந்து ஒத்துக்கொண்டார். பதினைந்தின் கடைசியில் கொலைகாரன் மழையில் முதுகைக் காட்டி நின்றான். மெல்லத் திரும்பினான். முகம் தெரிவதற்குள் படம் முடிந்தது, வாசலில் கார் சத்தம் கேட்டது.

பதறவில்லை. பதினைந்து எபிசோட் பாடம் வீண் போகுமா? நாற்காலி மெத்தையைத் தட்டிவிட்டார். ரிமோட்டைத் துண்டால் அழுத்தித் துடைத்து, கைரேகை இல்லாமல் பழைய இடத்தில் வைத்தார்.

அமுதவள்ளி உள்ளே வந்து அவருக்குத் திருநீறு பூசிவிட்டாள். பிறகு ரிமோட்டை எடுத்துப் பார்த்தாள். சமையலுக்கு நடுவே ஓடிவந்து அமுக்கி அமுக்கி, அவள் விரலின் மஞ்சள் கறை ஒரு வருஷமாக அதில் ஊறிக் கிடந்தது. இன்று புதுசாக மின்னியது. இருந்த இடத்திலேயே அதை வைத்தாள்.

சோறு போட்டாள். சாம்பார் ஊற்றினாள். எதிரில் உட்கார்ந்தாள். அந்த நாடகத்திலும் நல்ல போலீஸ்காரர்கள் அடிப்பதில்லை, சாப்பாடு போட்டுவிட்டுக் காத்திருப்பார்கள்.

"பாவம், அந்த இன்ஸ்பெக்டர்தாங்க கொலைகாரன்" என்றாள் பொதுவாக. "எனக்கு அப்பவே தெரியும்."

கமலநாதன் மென்றார், விழுங்கினார். ஒரு நல்ல மனுஷன்மேல் வீண்பழி விழுவதை எவ்வளவு நேரம் பொறுக்க முடியும்?

"அவன் இல்ல அமுதா. தம்பியக் காப்பாத்தத்தான் அந்தச் செருப்ப ஒளிச்சு வச்சான்."

"பன்னெண்டு வரைக்கும் தம்பின்னு ஒரு ஆளே வரலீங்களே."

சாம்பார் ஆறியது. கமலநாதன் எல்லாவற்றையும் ஒத்துக்கொண்டார். பதின்மூன்று, பதினாலு, பதினைந்து, பொய் முட்டிவலி. அதோடு நிற்கவில்லை.

"ஏழரைக்கு நீ அந்த ஆளுகூட உக்காந்துக்கறே. எனக்கு யாரு இருக்கா? அதான் நிறுத்தச் சொன்னேன்."

அமுதவள்ளி எழுந்துபோய் ரிமோட்டைச் சாமி அறையில் முருகன் படத்துக்குப் பின்னால் வைத்துவிட்டு வந்தாள். முருகனிடமிருந்து திருடும் துணிச்சல் அவருக்குக் கிடையாது. கைப்பேசியில் பார்க்கத் தெரியாது.

"பதினாறு எபிசோடும் நான் விரதத்துக்கு முன்னாடியே ஷாமினி வீட்டுல பாத்து முடிச்சிட்டேங்க" என்றாள்.

"அப்ப தெனமும் சாயங்காலம் இங்க பாத்தது?"

"ரெண்டாவது வாட்டி. நீங்க பேப்பருக்குப் பின்னால பாத்துக்கிட்டு இருந்தீங்க. பாதியில தனியா விட மனசு வரல."

கமலநாதன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். பிறகு மெல்ல, ரொம்பவும் பணிவாகக் கேட்டார்.

"கொலைகாரன் யாருன்னாவது சொல்லும்மா."

"இன்னும் முப்பத்தொரு நாள் விரதம் இருக்குலா" என்று சொல்லி, அமுதவள்ளி அவர் தட்டில் இன்னும் ஒரு கரண்டி வெண்டைக்காய் வைத்தாள்.