கண்மாய்க்குள் கார்ப் பந்தயம்

"ஆடு குறுக்கே வந்துருச்சு மொதலாளி."

"பந்தயத்துக்குள்ள ஆடு எங்கிட்டிருந்துடா வந்துச்சு?"

"அங்குட்டு, கரை மேலருந்து."

"கரை மேல ஊரே நின்னுச்சு. ஒருத்தன் கண்ணுலயும் படாத ஆடு, உன் கண்ணுல மட்டும் பட்டுச்சாக்கும்?"

டிரைவர் பெரியகருப்பன் தலையைச் சொறிந்தான். மீரான் சாகிபு பார்வையாலேயே அவனுடைய சட்டைப் பையைத் துழாவினார். போன பந்தயத்தில் கண்ணில் தூசி, இந்தப் பந்தயத்தில் ஆடு. நம்புவதற்கு அவர் என்ன கேனையனா?

அது 1971 கோடை. நேமத்தான்பட்டிப் பக்கம் கண்மாய் வறண்டு கிடந்தது. மதராசிலிருந்து வந்த மோட்டார் கிளப் ஒன்று, பாதி கண்மாய் மண்ணிலும் பாதி கரையோரத் தார் ரோட்டிலுமாக ஒரு சுற்று அமைத்து, மாதம் ஒரு ஞாயிறு கார்ப் பந்தயம் நடத்தியது. மொத்தம் நாலு பந்தயம்.

பினாங்கிலிருந்து கப்பலில் கொண்டுவந்த பச்சை மோரிஸ் காரை மீரான் சாகிபு இறக்கியிருந்தார். நடந்து முடிந்த இரண்டு பந்தயத்திலும் கடைசி வளைவு வரை அதுதான் முதலில் வந்தது. வளைவில் என்ன ஆகுமோ, சுணங்கிப் போகும். பின்னாலேயே வந்த அபூபக்கரின் சிவப்புக் கார் முந்திப் போய்விடும். அபூபக்கர் அவருடைய சம்மந்திதான். மகள் ஜாஹிதாவை அந்த வீட்டில் கட்டிக்கொடுத்து ஆறு மாதம்கூட ஆகவில்லை.

"போனாப் போகுது, விடுங்க. பரிசு என்ன, அசலூருக்கா போச்சு?" என்றாள் மனைவி ராபியா.

"உனக்கு ஒண்ணும் தெரியாது. எவனோ பெட்ரோல்ல கலக்குறான்."

அன்று முதல் பெட்ரோல் டின்கள் அவர் கட்டிலுக்கடியில் குடியேறின. வீடே நாறியது. ஊதுபத்தி கொளுத்தத் தடை, அடுப்பு கொல்லைப்புறத்துக்குப் போனது. மெக்கானிக்கையும் மாற்றினார். புது மெக்கானிக் எஞ்சினைப் பிரித்துப் பார்த்து, "தங்கமான வண்டிங்க, ஒரு குறையும் இல்ல" என்றான். குறை இல்லை என்று சொன்னதாலேயே அவன் மேலும் சந்தேகம் வந்தது. சந்தேகப்படாமல் விட்டது காலில் கிடந்த செருப்பைத்தான்.

கடைசியில் பெரியகருப்பனைச் சீட்டுக் கிழித்து அனுப்பிவிட்டு, சிவப்புக் காரை ஓட்டி ஜெயித்த பெத்தனையே இரட்டைச் சம்பளம் பேசி இழுத்துவந்தார்.

"இப்ப என்ன செய்யுறாருன்னு பாப்போம் என் சம்மந்தி!"

சம்மந்தி ஒன்றும் செய்யவில்லை. வேலையில்லாமல் நின்ற பெரியகருப்பனைக் கூப்பிட்டுச் சிவப்புக் காரில் உட்காரவைத்தார்.

மூன்றாவது பந்தயத்தன்று ராபியா பெத்தனுக்கு வயிறாரச் சோறு போட்டு அனுப்பினாள். பெத்தன் புயலாகத்தான் கிளம்பினான். கடைசி வளைவில் பச்சைக் கார் சுணங்கியது. பெரியகருப்பன் முதலில் வந்தான்.

"கியர் விழல மொதலாளி" என்றான் பெத்தன்.

மீரான் சாகிபுவுக்கு அழுகையே வந்துவிட்டது. தோற்றவன் அங்கே போய் ஜெயிக்கிறான். ஜெயித்தவன் இங்கே வந்து தோற்கிறான். காரைக்குடி டீக்கடைகளில் அவர் தலை தெரிந்தாலே, "பாய், ரெண்டாவது டீ உங்களுக்குத்தான்" என்று கேலி பேசினார்கள்.

"நாலாவது பந்தயத்துல நானே ஓட்டப்போறேன்" என்று கடைத்தெருவில் வைத்து அறிவித்தார். "அதுலயும் தோத்தா, இந்த வண்டியப் பழைய இரும்புக்குப் போட்டுட்டு மாட்டுவண்டில போவேன். இது சத்தியம்."

சொன்ன பிறகுதான் வண்டியைத் திரும்பிப் பார்த்தார். பினாங்கில் பதினைந்து வருசம் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி வாங்கிய கார். ஜாஹிதா சின்னப் பிள்ளையாக இருந்தபோது அதன் பின் சீட்டில்தான் தூங்குவாள். சத்தியம் செய்த சேதி பொழுது சாய்வதற்குள் சம்மந்தி வீடு வரை போய்விட்டது.

"இந்த வயசுல இது தேவையா? பேசாம பெத்தனையே ஓட்டச் சொல்லுங்க" என்று ராபியா கெஞ்சினாள்.

"எவனையும் நம்ப மாட்டேன். இனி என் காலு, என் பிரேக்கு."

நாலாவது பந்தயம். மண்ணில் வண்டி வழுக்கியது. தார் ரோட்டில் ஏறியபோது உயிரே போய் வந்தது. கண்ணைத் துடைத்துப் பார்த்தால் முன்னால் சிவப்புக் கார், உள்ளே பெரியகருப்பன். கடைசி வளைவும் வந்துவிட்டது. போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தபடியே மிதித்தார். சிவப்புக் கார் ஓரமாகச் சறுக்கியது. பச்சைக் கார் பாய்ந்து கோட்டைத் தாண்டியது.

முதல் பரிசு! மாலை, சீட்டி, கைதட்டு. அபூபக்கர் ஓடிவந்து, "அல்ஹம்துலில்லாஹ், சம்மந்தி!" என்று கட்டிக்கொண்டார். மீரான் சாகிபுவுக்கு அவரை இத்தனை நாள் சந்தேகப்பட்டது கூச்சமாக இருந்தது. ஆனாலும் கோப்பை வெள்ளிதானா என்று நகத்தால் சுரண்டிப் பார்த்துக்கொண்டார்.

வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்த பெத்தனிடம் போய் நெஞ்சை நிமிர்த்தினார்.

"பாத்தியாடா? இப்பவாச்சும் உண்மையச் சொல்லு. நீயும் அவனும் எவங்கிட்டடா காசு வாங்கிக்கிட்டுத் தோத்தீக?"

பெத்தன் துணியைக் கீழே வைத்தான். "சத்தியமா காசு வாங்கல மொதலாளி. ராபியாம்மாதான், 'பொண்ணு குடுத்த வீட்டு வண்டி சம்மந்தி வண்டிய முந்துனா நல்லாவா இருக்கும், வளைவுல பிரேக்க மிதிங்கப்பா'ன்னு சொன்னாக."

மீரான் சாகிபு கோப்பையைத் தூக்கிக் காட்டி வாய்விட்டுச் சிரித்தார்.

"சரிதான், அவ சொல்லி நீங்க தோத்தீக. இன்னிக்கு நான் யாரு சொல்லிடா ஜெயிச்சேன்?"

"ஜாஹிதாம்மா சொல்லி, மொதலாளி. பெரியகருப்பண்ணன் மிதிச்ச மிதியில சிவப்பு வண்டிக்குப் பிரேக்கே போயிருச்சு."