ஒரே ஒரு அரைச்சுத்து

அரைச்சுத்துக்காரர் என்று ஓர் இனம் உண்டு. தையல் மிஷின் இருக்கிற வீடு எதுவானாலும் சரி, சொந்தக்காரராகவோ, பக்கத்து வீட்டுக்காரராகவோ, 'சும்மா இந்தப் பக்கம் வந்தேன்' என்றோ எப்படியாவது இவர் வந்து சேர்ந்துவிடுவார். செருப்பைக் கழற்றுவார், எல்லாரும் சௌக்கியமா என்பார், பதிலுக்குக் காத்திருக்க மாட்டார், நேரே மிஷினிடம் போய் அதன் தலையைத் தடவுவார், ஊசிக்கு நேர் மேலே உச்சியில் இருக்கிற அந்தச் சின்னத் திருகின்மேல் இரண்டு விரலை வைப்பார், புருவத்தைச் சுருக்குவார். பிறகு வரும் அந்த வாக்கியம்.

"பிடிமானம் பத்தல. ஒரே ஒரு அரைச்சுத்து."

அந்தத் திருகு என்ன செய்கிறது தெரியுமா உங்களுக்கு? அதை இறுக்கினால் உள்ளே ஒரு ஸ்பிரிங் அமுங்கும். ஸ்பிரிங் அமுங்கினால், துணியைப் பிடித்துக்கொண்டிருக்கிற இரும்புப் பாதம் இன்னும் பலமாக மிதிக்கும். துணிக்கு அடியில் வரிசையாகப் பல் இருக்கிறது. அது துணியைப் பின்னால் தள்ளும். மேலே மிதி, கீழே தள்ளு. இரண்டும் ஒத்துப்போனால் தையல் ஓடும். மிதி அதிகமானால், பல் தள்ளிய கீழ்த்துணி ஊர் போய்ச் சேர்ந்துவிடும், பாதம் மிதித்த மேல்துணி இன்னும் பஸ் ஸ்டாண்டிலேயே நிற்கும். மிதி குறைந்தாலும் வம்புதான், துணி வழுக்கும். துணிக்குத் துணி பார்த்துத் திருப்பிக்கொள்ளட்டும் என்றுதான் மிஷின் செய்தவன் அங்கே ஒரு திருகை வைத்தான். இரண்டு பக்கமும் திரும்புகிற மாதிரிதான் வைத்தான். அரைச்சுத்துக்காரருக்குத் தெரிந்தது ஒரு பக்கம்.

நூல் அறுகிறதா? அழுத்தம் பத்தவில்லை. ஊசி உடைந்ததா? அழுத்தம் பத்தவில்லை. கரண்ட் போய் மிஷின் நின்றுவிட்டதா? கொஞ்சம் யோசிப்பார். யோசித்துவிட்டு, கரண்ட் வருவதற்குள் இருக்கட்டும் என்று ஓர் அரைச்சுத்து கொடுத்து வைப்பார். அரைச்சுத்து என்பது பேச்சுக்குத்தான்; விரல் வலிக்கும் வரை அது அரைதான். சரி, இவர் எதையாவது தைத்திருக்கிறாரா? ஒருமுறை தன் சட்டைக்குத் தானே பொத்தான் தைத்தார். சட்டையின் இரண்டு பக்கத்தையும் சேர்த்துத் தைத்துவிட்டதால், அன்றிலிருந்து அந்தச் சட்டையைப் பனியன் மாதிரி தலைவழியாகத்தான் மாட்டுகிறார். கேட்டால், "பொத்தான் அசையுதா பாருங்க" என்கிறார். அசையவில்லைதான்.

எங்களுக்கு வாய்த்தவர் என் மச்சான், என் மனைவியின் கூடப் பிறந்த அண்ணன்.

அன்றைக்கு மாலை ஐந்து மணிக்கு என் மகளின் பள்ளியில் நாடகம். இரண்டு வருஷமாக அவளுக்கு மரம் வேஷம்தான் கொடுத்தார்கள். முதல் வருஷம் மரம், அடுத்த வருஷம் இன்னொரு மரம். இந்த வருஷம் எப்படியோ ராஜா. ஆனால் டீச்சர் கறாராகச் சொல்லிவிட்டார்: ராஜாவுக்கு நீளமான வெல்வெட் அங்கி வேண்டும், அங்கி வராவிட்டால் மந்திரியாக வரும் பெண்தான் ராஜா, இவள் மறுபடியும் மரம். அந்த மந்திரியிடம் ஏற்கெனவே ஓர் அங்கி இருந்தது என்பதுதான் எங்கள் வீட்டின் நிம்மதியைக் கெடுத்த விஷயம்.

என் மனைவி அளவெடுத்தாற்போல் வெல்வெட் வாங்கி, வெட்டி, மற்றதெல்லாம் தைத்து முடித்துவிட்டாள். முதுகின் நடுவில் மேலிருந்து கீழே ஒரே ஒரு நீளத் தையல் பாக்கி. வெல்வெட்டுக்கு மிதி ஆகாது; நசுங்கினால் தடம் விழும். அதனால் திருகை நன்றாகத் தளர்த்தி, துண்டுத் துணியில் ஓட்டிப் பார்த்து, திருப்தியாகி, ஒரு வாய் தண்ணீர் குடிக்க எழுந்து போனாள். எழுந்து போயிருக்கக் கூடாது. அந்த நேரத்தில்தான் மச்சான் உள்ளே வந்தார். நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்கிறீர்களா? கிரீடத்துக்கு ஜிகினாத் தாள் ஒட்டிக்கொண்டிருந்தேன்.

அவள் திரும்பி வந்தாள், "வாங்கண்ணே" என்றாள், உட்கார்ந்தாள், ஒரே மூச்சில் அந்த நீளத் தையலை ஓட்டி முடித்தாள். முடித்துப் பார்த்தால், மேல்துணி நாலு விரல் அதிகமாகத் தொங்குகிறது. தையலை ஒட்டி மேலிருந்து கீழே இரண்டு கோடு.

"அண்ணே, இதைத் தொட்டீங்களா?"

"தொடல. ஒரு அரைச்சுத்து விட்டேன், அவ்வளவுதான். யாரோ லூசாக்கி வச்சிருந்தாங்க."

"நான்தான் லூசாக்கி வச்சிருந்தேன்."

"அதான் பார்த்தேன். துணிக்கு ஒரு பயம் வேணும்மா."

என் மகள் கிரீடத்தோடு வந்து குனிந்து பார்த்தாள். "அம்மா, ராஜா முதுகுல வண்டி ஏறிடுச்சாம்மா?" என்றாள். அவள் உதடு பிதுங்கியது. மணி மூன்றரை.

மனைவி பிளேடை எடுத்து ஒவ்வொரு தையலாகப் பிரித்தாள். திருகைத் தளர்த்தினாள். பாதத்துக்கும் துணிக்கும் நடுவே மெல்லிய காகிதம் ஒன்றை வைத்தாள். மச்சானின் கழுத்து நீண்டது.

"காகிதம் வச்சா வழுக்குமேம்மா. வேணும்னா ஒரே ஒரு..."

"ஏங்க, அண்ணனுக்கு ஏதாவது வேலை குடுங்க," என்றாள் என்னைப் பார்த்து.

மூடி இறுகிப்போய் ஆறு மாதமாகத் திறக்க முடியாத பாட்டில் ஒன்று இருந்தது. அதை அவர் கையில் கொடுத்தேன். மனிதர் நாற்பது நிமிஷம் வியர்க்க வியர்க்கப் போராடினார். எந்தப் பக்கம் திருகினார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அந்தப் பாட்டிலை இனி யாராலும் திறக்க முடியாது. ஆனால் அதற்குள் அங்கி முடிந்துவிட்டது. கொதிக்கிற தண்ணீரின் ஆவியில் காட்டியும் அந்த இரண்டு கோடு மட்டும் போகவில்லை.

ஐந்து மணிக்கு ராஜா மேடைக்கு வந்தாள். சிம்மாசனத்தில் உட்காரத் திரும்பினாள். மந்திரி அதற்கென்றே காத்திருந்த மாதிரி, எழுதிக் கொடுக்காத வசனம் ஒன்றைச் சத்தமாகச் சொன்னாள்: "மன்னா, தங்கள் முதுகில் என்ன கோடு?"

என் மனைவி என் கையை நசுக்கினாள்.

ராஜா நிதானமாகத் திரும்பினாள். "போர்ல எதிரியோட தேர் என்மேல ஏறிடுச்சு. தேர்தான் உடைஞ்சுது," என்றாள்.

கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று. நான் வெட்கமில்லாமல் அழுதேன். மச்சான் என் விலாவில் இடித்தார்.

"பார்த்தீங்களா மாப்ள. நான் மட்டும் அழுத்தம் குடுக்கலேன்னா, இந்தக் கைதட்டு ஏது?"

சிரிக்கிறீர்கள். நன்றாகச் சிரியுங்கள். ஆனால் ஒன்று கேட்கிறேன், மறைக்காமல் சொல்லுங்கள். வெல்வெட்டுக்குத் திருகை எத்தனை சுற்று தளர்த்தினாள் என்று நான் சொல்லவே இல்லை. 'ரெண்டு சுத்து போதும்', 'இல்லை, அது ரொம்ப லூசு, ஒன்றரைதான் சரி' என்று உங்களுக்குள் ஒரு குரல் கேட்டதா? பார்க்காத வீட்டில், பார்க்காத மிஷினுக்கு? கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் லேசாக ஒன்றையொன்று தேய்த்துக்கொண்டனவா?

எங்கள் வீட்டுக்குத் தாராளமாக வாருங்கள். கையைக் கட்டிக்கொண்டு வாருங்கள்.